மூன்றாவது பாரா

மாட்டுங்கா, பெண்கள் விடுதி
9.12.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா?

மனோதத்துவ மேல்படிப்புக்கு ஸ்காட்லாந்துக்கும் கனடாவுக்கும் விண்ணப்பிக்கிறேன். ஏன் இந்தப் படிப்பு என்று கட்டுரை கேட்கிறார்கள். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைப்போல் பிழையில்லாமல் டைப் அடிக்க இங்கே ஆளில்லை. இரண்டு பிரதி வேண்டும். படித்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே, அடித்து மட்டும் அனுப்பு.

உன் தங்கை,
ஜெயசீலி

தாராவி
14.12.1985

அன்புத் தங்கை ஜெயாவுக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. இரண்டு பிரதியும் இத்துடன். படிக்காமல் டைப் அடிக்க எனக்குத் தெரியாது, ஜெயா.

மூன்றாவது பாராவில், ‘என் அண்ணன் 1983 ஜூலையில் இறந்துபோனான்’ என்று இருக்கிறது. அந்த ஜூலையில் நான் தாணே மனநல மருத்துவமனையில் இருந்தேன். நீதான் தினமும் ரயிலேறி வந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய். கை தவறி எழுதிவிட்டாயோ என்று, ‘நோயுற்றான்’ என மாற்றி இன்னொரு தாளும் அடித்திருக்கிறேன். எது வேண்டுமோ வைத்துக்கொள்.

நடக்கிற தூரத்தில் இருந்துகொண்டு தபால் போடுகிறாய். “அவ ஏம்ல வீட்டுக்கு வரமாட்டேங்கா?” என்று அம்மா கேட்கிறாள். கிறிஸ்துமஸுக்காவது வா.

உன் அண்ணன்,
ஞானசேகரன்

மாட்டுங்கா
18.12.1985

அண்ணா,

கை தவறவில்லை. முதல் தாளைத்தான் அனுப்பினேன். பிழைத்து எழுந்து டைப் அடிக்கிற அண்ணனைப் பற்றி எழுதினால் யாருக்கு இடம் கொடுப்பார்கள்? அறைத்தோழி ஷ்யாமளாவும் படித்துவிட்டு அழுதாள்.

சாவதற்கென்று அத்தனை மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்கும்போது நீ என்னை நினைத்தாயா? சந்தில் ‘பாகல் கி பெஹன்’ என்று கூப்பிடுகிறார்கள். பைத்தியத்தின் தங்கை! அதனால்தான் விடுதிக்கு வந்தேன். உன்னால் எனக்கு ஒரு நன்மையாவது நடக்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு வரமுடியாது.

ஜெயசீலி

மாட்டுங்கா
2.6.1986

அண்ணா,

இரண்டு இடமும் கிடைத்துவிட்டன. படிப்புக்குக் கனடாதான் மேல் என்கிறார்கள். ஆனால் காட்கோபர் ஆபிரகாம் மாமாவின் மகன் அங்கே இருக்கிறான். நம் வீட்டுக் கதை முழுக்கத் தெரிந்தவன். ஸ்காட்லாந்தில் நம்மை அறிந்தவர் ஒருவருமில்லை. ஸ்காட்லாந்துக்கே எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 11-ஆம் தேதி விமானம். என்னோடு வரும் பெண்களிடமும் அண்ணன் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ வரவேண்டாம். அம்மாவை மட்டும் டாக்சியில் ஏற்றி அனுப்பு. நிரந்தர முகவரி என்று தாராவி வீட்டைக் கொடுத்திருக்கிறேன். ஸ்காட்லாந்திலிருந்து ஏதாவது வந்தால் பிரிக்காமல் எனக்கு அனுப்பிவிடு.

ஜெயசீலி

தாராவி
20.8.1986

ஜெயசீலிக்கு,

தபால் வந்தது. உன் பெயருக்கு இல்லை, ‘திருமதி ரோசம்மா’ என்று அம்மா பெயருக்கு. அதனால் பிரித்தேன். உன் பேராசிரியர் எழுதியிருக்கிறார். மகனைப் பறிகொடுத்த தாய் மகளையும் இவ்வளவு தூரம் அனுப்புவது பெரிய காரியமாம். நல்ல மனிதர்.

“தொரை என்னல எழுதியிருக்காரு?” என்றாள் அம்மா. “ஒம் மவ கெட்டிக்காரி, நாங்க பத்திரமாப் பாத்துக்கிடுதோம்னு எழுதியிருக்காரு” என்றேன். பக்கத்து வீட்டு மதீனா பீவியைக் கூப்பிட்டு, அவள் கேட்க என்னை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

பதில் போடாவிட்டால் உனக்கு இடைஞ்சல். ‘என் மகனின் மறைவுக்கு நீங்கள் சொன்ன ஆறுதலுக்கு நன்றி’ என்று ஆங்கிலத்தில் அடித்து அம்மாவிடம் நீட்டினேன்.

“எம் புள்ளைய ரெண்டும் நல்லா இருக்கணும்னு எழுதிட்டியால?”

“எழுதிட்டேம்மா.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டாள். மை காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுது. வாசித்துக் காட்டுகிறேன்.

ஞானசேகரன்