முதல் நான்கு நொடி

ஷில்லாங்,
ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்புள்ள அக்கா, கோங் ரிபாஹுன் அவர்களுக்கு,

தமேவான் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உங்கள் நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. நம் டிரம்மர் வன்போரின் தங்கை நீங்கள் இருக்கும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு இன்று புறப்படுகிறாள், இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமைக்குள் இது உங்கள் கைக்கு வந்துவிடும்.

வியாழக்கிழமை உங்கள் குரல்வளையை எடுக்கப்போவதாக உங்கள் அண்ணன் பாஹ் ஸ்கெம் சொன்னார். "நவம்பர் விழாவுல பாட வேற ஆளைப் பாத்துக்கோங்கப்பா. அடுத்த வருஷத்துக்கும்தான்" என்றார்.

வேறு ஆளைப் பார்க்கவில்லை. வன்போர் பள்ளிக்கூட வேலையில் சேர்ந்துவிட்டான். ஒத்திகை அறையை வீட்டுக்காரர் கேட்கிறார், கொடுத்துவிடுவோம். மிச்சம் இருப்பது உங்கள் பாட்டின் வீடியோ ஒன்றுதான்.

அதன் முதல் ஷாட்டில்தான் மூன்று வாரமாகச் சிக்கிக் கிடக்கிறேன். பைன் மரங்களுக்குள் மூடுபனி இறங்குவதை வைத்தேன். "சுற்றுலாத்துறை விளம்பரமாடா? அடுத்து ஹோட்டல் நம்பர் போடுவியா?" என்றான் வன்போர். ஒத்திகை அறையில் தனியாக நிற்கும் உங்கள் மைக்கை வைத்தேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அஞ்சலிக் கூட்டம் போல இருந்தது. எடுத்துவிட்டேன்.

"மொத ஷாட்ல பொய் சொன்னா பாட்டு முழுக்கப் பொய்தான்டா" என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

பிறகுதான் யூதுஹ் சந்தையில் நான் எடுத்த பழைய வீடியோ துண்டு கிடைத்தது. வெற்றிலைக்காரப் பெண்களுக்கு நடுவே நிற்கிறீர்கள். பாட வாயெடுத்ததும் இருமல். கையை ஆட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீ எடு" என்று சிரிக்கிறீர்கள். நான்கு நொடி. அதை முன்னால் வைத்ததும் பாட்டே மாறிவிட்டது, கோங். முதல் பஸ்ஸில் சந்தைக்குப் போகிற குஷியான பாட்டுதானே? ஒரு வரியையும் நான் தொடவில்லை. ஆனால் நீங்கள் சந்தோஷமாகப் பாடுகிற இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்த இருமல்தான் கேட்கிறது.

அந்த இருமலை ஹெட்போனில் கேட்டவன் நான். டாக்டரிடம் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். "இருமல்கூட சுதியில வருது கோங்" என்று கிண்டல் செய்தேன். அதற்கும் சிரித்தீர்கள். எட்டு மாதம் முன்னால்.

வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், நேற்று உங்கள் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாட்டு தொடங்கியதும் நிறுத்தச் சொன்னார்கள். "திரும்ப முதல்லேர்ந்து போடுப்பா." ஏழெட்டு முறை அந்த நான்கு நொடியை மட்டுமே பார்த்தார்கள். "எங்கிட்டயும் இதேதான் சொன்னா. நானும் நம்பிட்டேன்" என்றார்கள். பிறகு, "இதையே வை" என்றார்கள். வைத்துவிட்டேன். யார் பார்ப்பார்கள், எதற்காக என்றெல்லாம் இப்போது யோசிக்கவில்லை.

தேநீர் கொடுத்து அனுப்பும்போது வாசல்வரை வந்தார்கள். கூடவே இருந்து வீட்டைக் காக்க வேண்டிய கடைக்குட்டி மகள் வீட்டை விட்டுப் பாடப் போனாள் என்று தான் ஏசியதையெல்லாம் நினைத்து நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களோ என்று கேட்டார்கள். நான் இல்லை என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

கோங், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாட வேண்டாம். எனக்கு, வன்போருக்கு, யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். வியாழனுக்கு முன் உங்கள் அம்மாவை ஒரே ஒரு முறை போனில் கூப்பிட்டு, நம் மொழியில் அம்மாவை அழைக்கிற அந்த 'மெய்' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிடுங்கள். குரல் கரகரத்தாலும் பரவாயில்லை. அம்மா போனை மடியிலிருந்து இறக்குவதில்லை.

கடவுள் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
தமேவான்