பதிலுக்கு மேலே சேர்த்த வரி

நவம்பர் 6, செவ்வாய்

இணைய உதவி மன்றத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் அந்தச் சாம்பல் பட்டை. இடைநீக்கம், ஏப்ரல் வரை. படிக்கலாம், எழுதக் கூடாது. பந்தியில் இடம் கொடுக்காமல் வாசலில் நிற்க வைத்து, சாப்பிடுகிறவர்களைப் பார்க்கச் சொல்வது போல.

டாமராக் இயங்குதளத்தின் நிறுவல் கையேட்டில் பாதி என் எழுத்து. காசு வாங்கி எழுதவில்லை, இங்கே யாருமே காசு வாங்குவதில்லை. வெண்டல் பிரைஸ் முதன்முதலில் மன்றத்துக்கு வந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கக்கூடத் தெரியாது. நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இன்று அவன் மன்றத்தை மேற்பார்க்கும் மட்டுறுத்துநர், நான் வாசலில். என் குற்றம்? கையேட்டைப் படிக்காதவன் கணினியைத் தொடக் கூடாது என்று ஒரு புதியவனிடம் சொன்னது. படிக்காதவனிடம் வேறு என்ன சொல்ல வேண்டுமாம்?

கடையில் பெயிண்ட் கலக்கும் இயந்திரம் மறுபடி மக்கர். இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நாள் முழுக்க வெள்ளை நிறத்தின் வகைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரி என்னை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து இதுதான்.

நவம்பர் 8, வியாழன்

பிரெஞ்சும் பேசுகிற நியூ பிரன்ஸ்விக் மாகாணத்திலிருந்து ஒரு பெண் உதவி கேட்டிருக்கிறாள். மன்றத்தில் அவள் பெயர் ரிவியேர். கடைசிப் புதுப்பிப்பைப் போட்டதிலிருந்து, கணினி தொடங்கும்போது அவளுடைய கடவுச்சொல்லைத் தவறு என்கிறது. டிஸ்க் முழுவதும் பூட்டியது. கடவுச்சொல் இல்லாமல் உள்ளே எதையும் எடுக்க முடியாது.

உள்ளே இருப்பது அவள் கணவனின் குரல்.

தொண்டையில் புற்றுநோய். செப்டம்பரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு அந்த மனிதர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்திருக்கிறார். அதை வைத்து, தட்டச்சு செய்தால் அவர் குரலிலேயே பேசும் கருவியைச் செய்யப்போகிறார்கள். பதிவுகளை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். வேறு பிரதி இல்லை. ஏன் இல்லை என்று ஒருவன் கேட்டிருக்கிறான், கேட்காமல் இருப்பானா. அவள் பதில்: "அவர் எடுத்து வைத்திருப்பார் என்று நான் நினைத்தேன். நான் எடுத்து வைத்திருப்பேன் என்று அவர் நினைத்தார்."

திரையைக் கைபேசியில் படம் எடுத்துப் போட்டிருக்கிறாள். படத்தின் கீழ் மூலையில் விசைப்பலகையின் ஓரம் தெரிகிறது. தலையில் கோடு போட்ட பிரெஞ்சு 'é' எழுத்து. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் புதுப்பிப்புக்குப் பிறகு, கடவுச்சொல் கேட்கும் அந்த முதல் திரை எல்லா விசைப்பலகையையும் அமெரிக்கப் பலகை என்றே எடுத்துக்கொள்கிறது. அவள் சரியாகத்தான் அடிக்கிறாள். உள்ளே வேறு எழுத்து போகிறது. டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. அமெரிக்க விசைப்பலகையின் படம் ஒன்றைப் பார்த்து, அதில் கடவுச்சொல்லின் எழுத்துகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே அழுத்தினால் திறந்துவிடும். முடிந்தது வேலை.

வெண்டல் படத்தைப் பார்க்கவே இல்லை. டிஸ்க்கைப் பூட்டும் பகுதியே சிதைந்திருக்கலாம், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறான். கூட நாலு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

சிரித்தேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது.

நவம்பர் 9, வெள்ளி

இன்னும் யாரும் கவனிக்கவில்லை. வெண்டல் தவறட்டும். மன்றமே பார்க்கட்டும்.

நவம்பர் 11, ஞாயிறு

நோரீன் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. போரில் இறந்தவர்களின் நினைவு நாள்; சட்டையில் குத்திய சிவப்புப் பூவோடு நினைவுச்சின்னத்திலிருந்து நேராக வந்திருந்தாள், குளிரில் கால் விறைத்துப்போய். இறைச்சி அப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது ரிவியேர் கதையைச் சொன்னேன். வெண்டலின் முட்டாள்தனத்துக்கு உதாரணமாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு விடை தெரியும்ங்கிற. அப்ப போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவனுக்கா? என்னை வெளிய தள்ளினவனுக்கு நான் போன் போடணுமா?"

"அவனுக்கு யாருடா சொல்லச் சொன்னா? அந்தம்மாவுக்குச் சொல்லு."

இடைநீக்கத்தில் இருப்பவனால் அவளுக்குத் தனிச் செய்திகூட அனுப்ப முடியாது என்றேன். வேறு பெயரில் போகலாமே என்றாள். அப்படி வந்து மாட்டினால் நிரந்தர நீக்கம், அது மன்றத்தின் விதி என்றேன். யார் போட்ட விதி என்று கேட்டாள். நான்தான் என்றேன். பல வருடங்களுக்கு முன்பு ஒருவனைத் துரத்துவதற்காக எழுதியது.

"நல்லாருக்குடா. யாராவது தோத்தாத்தான் உனக்குச் சோறு இறங்கும், இல்ல?"

அதற்குப் பிறகு கனடாவின் ஹாக்கி அணியைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது மீதி அப்பத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

நவம்பர் 12, திங்கள்

வேறு வழி இல்லை, அழித்துவிடுங்கள் என்று வெண்டல் முடித்துவிட்டான். அவள் கேட்கிறாள்: "நிச்சயமாகவா? நாளை மாலை வரை பார்க்கிறேன். அதற்கு மேல் முடியாது. அவர் கணினியில் எழுதிக் காட்டித்தான் என்னோடு பேசுகிறார். கணினி இல்லாமல் நாங்கள் இருவரும் ஊமையாக உட்கார்ந்திருக்கிறோம்."

இதைப் படித்த பிறகு அப்பம் இறங்கவில்லை.

புதுப் பெயர் ஒன்றைப் பதிவு செய்தேன். பதிலை எழுதினேன். எளிமையான பதில். எந்தக் குறி எந்த விசையில் இருக்கும், எப்படி அழுத்துவது, திறந்ததும் முதல் வேலையாகப் பதிவுகளை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது. நான் எழுதியதிலேயே நல்ல பதில் இதுதான் என்று தோன்றியது. அனுப்பும் முன் மேலே ஒரு வரி சேர்த்தேன்:

"இங்கே மட்டுறுத்துநர்களுக்குக் கண் இருந்திருந்தால், கையேட்டைப் படிக்கும் பழக்கமும் இருந்திருந்தால், இந்தப் பெண் இத்தனை நாள் அழுதிருக்க வேண்டாம்."

நியாயமான வரிதான். அனுப்பினேன்.

நவம்பர் 13, செவ்வாய்

என் பதில் இல்லை. புதுப் பெயர் இல்லை. என் பழைய பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் போய்க் கறுப்புப் பட்டை. நிரந்தர நீக்கம். காரணம் என்ற இடத்தில் என் விதி, என் வாக்கியம், எழுத்துக்கு எழுத்து.

அவளுடைய கேள்வி ஓடும் இழையில் அவள் கேட்டிருக்கிறாள்: "பதில் வந்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. உள்ளே வந்து பார்த்தால் காணோமே?" வெண்டல்: "ஒரு விஷமியின் பதிவு. பொருட்படுத்த வேண்டாம்."

சாப்பாட்டு இடைவேளையில் கடைக்குப் பின்னால் நின்று அவனுக்குப் போன் போட்டேன். டொராண்டோவில் வருடா வருடம் சந்தித்துக்கொண்டிருந்த காலத்து எண். எடுத்தான்.

"நீ எழுதினத நான் முழுசாப் படிக்கல, ஆர்லன். முதல் வரியே போதும், நீதான்னு தெரிஞ்சுது."

"கீழ படி."

"போன வருஷமும் இதேதான். கீழ படி, கையேட்டப் படி, போய்ப் படிச்சிட்டு வா. வேற ஏதாவது பேசத் தெரியுமாய்யா உனக்கு?"

"டிஸ்க்கப் பிரிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்டா."

வைத்துவிட்டான்.

கீபோர்டு. அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா போதும். வாய்ல இருந்துது. அதை விட்டுட்டு என்ன பேசினேன் நான்? எதுக்குப் பேசினேன்?

மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும். கடைசியில் அவன் போனின் குரல் செய்திப் பெட்டியில் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். படத்தின் கீழ் மூலையைப் பார், உடனே அவளுக்குச் சொல் என்றேன். தயவுசெய்து என்றுகூடச் சொன்னேன்.

நவம்பர் 14, புதன்

"அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். நன்றாக வேலை செய்கிறது. நேரம் ஒதுக்கிய எல்லோருக்கும் நன்றி."

இழையின் தலைப்பில் பச்சை நிறத்தில் தீர்ந்தது என்று குறித்திருக்கிறாள். சிக்கல் முடிந்ததும் கேட்டவரே அதைக் குறிக்க வேண்டும், இங்கே அது மரியாதை. மரியாதை தெரிந்தவள்.

காலையில் வெண்டல் கூப்பிட்டான். என் குரல் பதிவை அப்போதுதான் கேட்டானாம்.

"படத்தப் பார்த்தேன். அந்த எழுத்து தெரியுது."

பின்னால் அவன் வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம்.

"அந்தம்மாட்ட சொல்லணுமா, ஆர்லன்?"

"சொல்லி?"

"அதான்."

பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து: சொல்ல வேண்டாம்.

டிசம்பர் 3, திங்கள்

பனி. வாசலை இரண்டு தடவை வழித்துவிட்டேன். அந்தம்மா விஷயம் என்னாச்சு என்று அக்கா போனில் கேட்டாள். பிந்திவிட்டது என்றேன். யாருக்கு என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 9, புதன்

பட்டை இல்லை. கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. கடிதம் இல்லை, விளக்கம் இல்லை. வெண்டல் சத்தமில்லாமல் எடுத்திருக்கிறான்.

ரிவியேர் புதிய இழை தொடங்கியிருக்கிறாள். தட்டச்சு செய்ததைப் படித்துக் காட்டும் மென்பொருளில் பிரெஞ்சு பேசும் ஆண் குரல் ஏதாவது இருக்கிறதா? அறுபது வயதுக்காரருக்குப் பொருந்துகிற மாதிரி? வெண்டல் உட்பட யாரும் பதில் சொல்லவில்லை.

இருப்பவை இரண்டே குரல்கள், இரண்டும் பாரிஸ்காரன் பேச்சு, இங்கத்துப் பிரெஞ்சு இல்லை. எப்படி நிறுவுவது, வேகத்தை எப்படிக் குறைப்பது, சுருதியை எப்படி இறக்குவது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அவள் மறுபடி மறுபடி கேட்டாள். கையேட்டில் இருக்கிற கேள்விகள்தான். மறுபடி மறுபடி சொன்னேன். மேலே எந்த வரியும் சேர்க்கவில்லை.

சாயங்காலம் எழுதியிருக்கிறாள்: "இரண்டாவது குரலை வைத்துக்கொண்டோம். வீட்டில் யாரோ விருந்தாளி பேசுவது போல இருக்கிறது, ஆனால் போதும் என்று எழுதிக் காட்டினார். இவ்வளவு பொறுமையாக எனக்கு இங்கே யாரும் சொல்லித்தந்ததில்லை. நவம்பரில் நீங்கள் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்."

தலைப்பில் பச்சைக் குறி. பதில் எழுதும் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கம் புதுப்பித்துக்கொண்டபோது, இனி யாரும் அதில் எழுத முடியாதபடி வெண்டல் இழையைப் பூட்டியிருந்தான்.