நாற்பத்தொரு சதவீதம்

அன்புள்ள தாசோமுக்கு,

தேகுவில் நானும் போராவும் நலம். கோஜே கப்பல் தளத்தில் உன் அப்பாவும் நலம் என்றுதான் போன ஞாயிறு போனில் சொன்னார், இந்த வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். ஹாம்பர்க்கில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். பெட்டியில் கடற்பாசித் தாள் ஆறு கட்டும் மிளகாய்த்தூளும் காய்ந்த முள்ளங்கி இலையும் இருக்கின்றன. மிளகாய்த்தூளை ஃப்ரீசரில் வை, அலமாரியில் விட்டால் வண்டு விழுந்துவிடும். தினமும் குறுஞ்செய்தி அனுப்புகிறவள் எதற்காகத் தாளில் எழுதுகிறாள் என்று தோன்றும். வீடியோவில் பேசும்போது உன் தங்கை நடுவில் முகத்தை நுழைத்துக்கொண்டே இருக்கிறாள், அது ஒரு காரணம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வராது, அதுதான் பெரிய காரணம். நேற்று உனக்கு இரண்டே வரியில், நீ எனக்கு எடுத்துக்கொடுத்த பயிற்சியின் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கட்டாதே, காரணம் பெட்டியில் வருகிறது என்று அனுப்பினேன் அல்லவா, அந்தக் காரணம் இதுதான். இரண்டு வாரமாக எனக்கு ஓர் இடத்தில் உட்காரப் பொறுக்கவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறேன், பேருந்தில் இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பாகவே எழுந்து நின்றுவிடுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருஷமாக மதியம் இரண்டு மணியிலிருந்து எட்டு மணிவரை வீடு வீடாக ஏறி இறங்கிப் பிள்ளைகளின் கணக்குப் பயிற்சித்தாளைத் திருத்தி வருகிறேனே, அது வரும் குளிர்காலத்தோடு முடியும்போலிருக்கிறது. தாளெல்லாம் போய் டேப்லெட் வருகிறது, பிள்ளை போடும் கணக்கை அதுவே திருத்திவிடும். எங்களைப் போன்றவர்கள் வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு நன்றாகப் படிக்கிறாயா கண்ணே என்று கேட்டால் போதுமாம். மேலாளர் இதை வாழ்த்துச் சொல்வதுபோல அறிவித்தார். படிக்கட்டு ஏறுவது மிச்சம்தானே என்று பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள், யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு பக்கம் யோன்ஹீ. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும் வரை நான் வேலை பார்த்த கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் என் பக்கத்து மேசைக்காரி, இப்போது அங்கே ஒரு பிரிவுக்குத் தலைவி. இலையுதிர் காலத்தில் புள்ளிவிவரங்களைச் சீர்செய்யப் பகுதி நேர ஆள் எடுக்கப் போகிறார்களாம். உன் புள்ளியியல் மூளையை நான் இன்னும் மறக்கலை, ஆனா பைத்தான்ல கோடிங் தெரியாம உள்ள வந்தா என்னாலயும் உன்னைக் காப்பாத்த முடியாது என்றாள். இதை உன்னிடம் சொன்ன மூன்றாம் நாள், எந்த நேரமும் படிக்கலாம் என்கிற அந்தக் கோடிங் பயிற்சியில் என் பெயரைப் பதிந்து புத்தாண்டுப் பரிசாக அனுப்பிவிட்டாய். நன்றியை ஒரு வரியில் எழுதி முடித்தேன், உனக்கு என்னைத் தெரியும். உண்மையில் அன்று மாலை போக வேண்டிய நான்கு வீட்டுக்கும் சந்தோஷத்தில் கிட்டத்தட்ட ஓடினேன்.

அந்தப் பயிற்சிக்கார இளைஞன் போனில் என்னை அம்மா அம்மா என்று கூப்பிட்டு, பிள்ளை வச்சிருக்கிற தாய்மாருக்குன்னே பண்ணினதும்மா, உங்க நேரம் உங்க கையில, ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும் என்றான். என் நேரம் எந்தக் காலத்தில் என் கையில் இருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நூற்றிருபது பாடத்தில் முதல் நான்கை மேசையில் நோட்டு வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஐந்தாம் பாடத்தின்போது போராவுக்குக் காய்ச்சல். எந்த நேரமும் படிக்கலாமே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் கிம்சி ஊறுகாய் போட முட்டைக்கோஸ் வந்துவிட்டது, அதற்கும் மறுநாள் அப்பாவின் வேலைச் சட்டைகள். எந்தச் சின்ன வேலை வந்தாலும் முதலில் நகர்ந்து இடம் விட்டது அந்தப் படிப்புதான், நகர்த்தினால் சத்தமே போடாத சாமான் வீட்டில் அது ஒன்றுதான். பத்து நாள் போனதும் நீ கேட்டாய், எங்க வரைக்கும் வந்திருக்கேம்மா என்று. அன்றைக்குப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே போனைச் சாய்த்து வைத்துப் பாடத்தை ஓடவிட்டேன். குழாய்ச் சத்தத்தில் ஒரு சொல் கேட்கவில்லை. பாடத்தின் முடிவில் வரும் கேள்விக்கு நான்கு விடைகளையும் வரிசையாகத் தட்டினேன், ஏதாவது ஒன்று பச்சையானால் அடுத்த பாடம் திறந்தது. அப்படித்தான் தாசோம் அந்த நாற்பத்தொரு சதவீதம் வந்தது. அம்மா நாப்பத்தொண்ணு, என் ஆஃபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன் என்று நீ எழுதியபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், பாடம் வேறு அறையில் ஓடிக்கொண்டிருந்தது. உனக்குக் கைதட்டும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். நான் படித்தது நான்கு பாடம். ஐந்தாவது என்ன என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது.

இதில் எனக்கு எது உறைக்கிறது தெரியுமா. பதினாறு வருஷமாக நான் பிடித்துக்கொடுப்பதே இதைத்தான். நான் படியேறி வரும் சத்தம் கேட்டு ஏழு நாள் தாளைப் பத்து நிமிஷத்தில் நிரப்புகிற பிள்ளைகள், அம்மா கிழித்து ஒளித்துவைத்த விடைப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்து எழுதுகிற பிள்ளைகள். போன வருஷம் ஒரு வீட்டில் கிம்சிப் பெட்டிக்குப் பின்னால் பதினொரு வாரத் தாள் புதுக் கருக்குக் குலையாமல் கிடைத்தது. அந்தச் சிறுமியின் அம்மா முகத்தை மூடிக்கொண்டாள், நான் பெரிய நீதிபதிபோல உட்கார்ந்து, தாள் உனக்காகத்தான், எனக்காக இல்லை என்று பேசினேன். இப்போது என்னைப் பிடித்தது போரா. பத்து வயது. வீடியோல அந்த அண்ணன் பாவம் தனியாப் பேசிட்டே இருக்கான், நீ பாக்கவே இல்லையேம்மா, நான் இப்படிப் பண்ணா வீடே இடிஞ்சிடும்ல என்றாள். நான் அவளை வீட்டுப்பாடம் செய்யச் சொல்லி அதட்டினேன், அதிலும் எனக்கு வெட்கம்தான்.

வெட்கத்தில் நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன். அரசு செலவில் ஆறு மாதம், காலை முதல் மாலை வரை கணினி முன்னால் முகம் தெரிய உட்கார வேண்டிய ஒரு பயிற்சி. எட்டு ஐம்பதுக்குத் திரையில் முகம் இல்லையென்றால் அன்றைக்கு வரவில்லை என்று கணக்கு. இதற்கு வீடு வீடாகப் போகும் வேலையை உடனே விட வேண்டும். விட்டால்தான் என்ன என்றிருந்தது எனக்கு, என்னைக் கட்டிப்போட யாராவது வேண்டும் என்றிருந்தது. முன்னோட்டமாக ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். அந்த நாள் பார்த்துப் பள்ளி முன்னால் பிள்ளைகள் சாலையைக் கடக்க நான் காவல் நிற்கிற முறை. பச்சை உடுப்பு, நீளக் கம்பில் மஞ்சள் கொடி, நீ படித்தபோதும் நின்றிருக்கிறேன், எட்டு இருபதிலிருந்து எட்டு ஐம்பது வரை. யாரிடமாவது முறையை மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பார்கள், நாற்பத்தெட்டு வயதில் போரா அம்மா படிக்கப் போகிறாள் என்று வகுப்புத் தாய்மாரின் குழுவில் மாலைக்குள் வந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, போனைக் கொடிக் கம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே வகுப்பில் நுழைந்தேன். பயிற்றுநர் என்னைப் பார்த்துவிட்டு, பச்சை உடுப்புப் போட்டவங்க வகுப்புல இருக்கீங்களா இல்ல ரோட்டுல இருக்கீங்களா என்றார். இரண்டிலும் என்றேன், முப்பது முகமும் சிரித்தன. சரியாக எட்டு நாற்பத்தொன்பதுக்கு, வருகையைப் பதிய இங்கே அழுத்தவும் என்று திரையில் வந்தது. அழுத்தக் கையை எடுத்தேன், கொடி சாய்ந்தது. வண்டிகளைப் போகச் சொல்கிறேன் என்று நினைத்து ஓர் உணவு விநியோக மோட்டார் சைக்கிள் கிளம்பியது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, முதுகை விடப் பெரிய பையோடு, பாதிச் சாலையில் இருந்தாள். எதிரே தன் பிள்ளையை விட வந்து நின்ற தாஹே அம்மா அந்தப் பையைப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். வருகையைப் பதியாமலே போனை அணைத்தேன், அந்தப் பயிற்சி அதோடு சரி.

தாஹே அம்மா சும்மா விடவில்லை. போரா அம்மா, அப்படி என்ன போன்ல, வாங்கின ஷேர் ஏதாவது விழுந்துடுச்சா என்றாள் சத்தமாக. பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், என்னை ஓரமாக நடைபாதைக்கு இழுத்து வந்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அந்த நடைபாதையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், பாத்திரத் தொட்டி வரை. அட, இத முன்னாடியே சொல்லியிருந்தா உங்க முறைய நான் நின்னிருப்பேனே, வாயைத் திறக்காம இப்படி ஒரு பிள்ளைய நடுரோட்டுல நிறுத்தணுமா என்றாள். அது நியாயமான திட்டு. வாங்கிக்கொண்டேன். அவளுடைய நாத்தனார் படித்த இடத்தை அவள்தான் சொன்னாள். மாவட்ட மகளிர் மையம், மீன் சந்தைக்குப் பின்னால் இரண்டாம் மாடி. செவ்வாய் புதன் வியாழன் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை, மொத்தம் ஏழு மாதம். இலையுதிர் காலத்துக்குள் பாதிக்குமேல் முடிந்திருக்கும், யோன்ஹீயிடமும் கேட்டுவிட்டேன், போதுமென்று சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வராமல் போனால் அந்த வார வெள்ளிக்கிழமை வந்து, விட்டுப்போன பாடத்தை எழுதிக் காட்ட வேண்டும், வளைந்துகொடுப்பது அவ்வளவுதான். நேர்காணலில் பே என்கிற ஆசிரியை, உன்னைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருப்பாள், பேருந்து அட்டைப் பதிவுகள் ஒரு பக்கம் கொடுத்து எந்த நிறுத்தத்தில் கூட்டம் அதிகம் என்று கேட்டாள். காசு கொடுத்து ஏறியவர்கள் இந்தக் கணக்கில் இல்லையே என்றேன். கேள்வி ரொம்ப நல்லாருக்கு, ஆனா நீங்க சொன்ன விடை தப்பு என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வகுப்பில் வீடியோ ஓடுமா என்று கேட்டேன். இல்லைங்க, நான் ஒவ்வொரு மேசையா வந்து பாப்பேன், திரைக்குக் கொஞ்சம் பின்னாடி நிப்பேன், சில பேருக்கு அது பிடிக்காது என்றாள்.

உன் அப்பாவிடம் சொன்னேன். கல்யாணமான புதுசுல கூட நீ இப்படிக் காலைல தயாரானதில்லையே என்று சிரித்தார். பிறகு, இங்க வெல்டிங்கையே ரோபோ பண்ணுது, நீ அதுகிட்டப் பேசக் கத்துக்கிட்டு வந்து எனக்குச் சிபாரிசு பண்ணு என்றார். இரண்டு நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை போராவின் பல் சிகிச்சைக்கு நான் விடுப்புப் போட்டு வருகிறேன் என்றார். சேர்ந்துவிட்டேன். வரும் செவ்வாய் முதல் வகுப்பு. இந்தப் பெட்டி உன் கைக்கு வரும்போது நான் மூன்று நாள் படித்திருப்பேன், ஒருவேளை மூன்று நாளும் திணறியிருப்பேன். எதற்கும் உறுதி சொல்ல மாட்டேன். உறுதி சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் கணக்கில் போய் அந்தப் பழைய பயிற்சியை நிறுத்திவிடு. நான் கேட்டபோது, பணம் கட்டியவர்தான் நிறுத்த முடியும் என்றார்கள். மீதி திரும்பி வந்தால் உனக்கு நல்ல காலணி வாங்கிக்கொள். உன் அலுவலகத்தில் எல்லாருக்கும் அந்த எண்ணைக் காட்டினாயே, அவர்களிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, உண்மையைச் சொல்லச் சொல்லும் தகுதி எனக்கு இன்று இல்லை. வேளைக்குத் தூங்கு, ரொட்டியை மட்டும் தின்று நாளை ஓட்டாதே, உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று இங்கிருந்து தினமும் நினைத்துக்கொள்கிறேன், வாயால் சொல்வதில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. மறக்காமல் பதில் எழுது. பதிலில் பரவாயில்லை அம்மா என்று மட்டும் எழுதாதே. எட்டு வாரம் உன்னை ஏமாற்றியிருக்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் அந்தக் கோபத்தையே எழுது, நான் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, முழுதாகப் படிப்பேன்.

உன் அம்மா
தேகு, ஏப்ரல் மூன்றாம் தேதி