மாலை போட்ட சிரிப்பு

வடபழனி, செவ்வாய்

அன்புள்ள சத்யப்பிரியாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

படம் நூறு கோடி வசூலாம். "உங்க சீன் எப்ப வரும்னு மந்தாரக்குப்பமே கேட்டுகினு இருக்குதுங்க" என்றாயே. என் காட்சிகளை எல்லாம் வெட்டிவிட்டார்கள், செத்துக் கிடந்ததைக்கூட.

பிணமாக நடித்தால் ஆயுசுக்கு ஆகாது என்று, முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைப்பார்கள். உன்னை நினைத்து நன்றாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் பிரேம் போட்டு, மாலை மாட்டி, கதாநாயகன் வீட்டுச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சினிமாவுக்கு வந்த பதினோரு வருடத்தில் திரை நிறைய என் முகம் வருவது இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போகாதே.

பலாக்கொட்டை கொஞ்சம் பார்சல் போடு. தனியாகச் சாப்பிட்டால் வேறெதுவும் இறங்குவதில்லை.

கூப்பிடுகிறார்கள். இன்றைக்கும் பிணம்தான். எவ்வளவு சொன்னாலும் சிரிக்கப் போவதில்லை.

அவசரத்தில்,
தணிகாசலம்