நடுங்காத கை

அத்தா,

நேரில் கேட்டால் தலையாட்டிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பார்க்கின்சன் நடுக்கத்துக்காக உங்கள் மூளைக்குள் கம்பியும், அதற்கு மின்சாரம் தர நெஞ்சில் ஒரு கருவியும் வைத்து ஆறு மாதமாயிற்று. சாயாவைச் சிந்தாமல் குடிக்கிறீர்கள். பழைய பேச்சுத்தான் இல்லை. "ஆளு எத்தர சாந்தமாயிட்டாரு, பாத்தியா!" என்கிறார் மாமா. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மட்டாஞ்சேரி குடோனில் இஞ்சி உலர்த்தும் பெண்களுக்குக் கக்கூஸ் கேட்டு, முதலாளியைத் தெருவில் நிறுத்திக் கிழித்த வாய் உங்களுடையது. அதே முதலாளி நேற்று வந்து, "இப்போ நல்ல மனுஷனாயி" என்று தோளைத் தட்டுகிறார். நீங்கள் சிரிக்கிறீர்கள்.

பேச்சைச் சோதிக்க, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் சொல்ல முடியும் என்று டாக்டர் கேட்டதற்கு ஆடு, பூனை, மறுபடியும் ஆடு என்றீர்கள். அந்த ஒரு முதலாளியைத் திட்டவே இருபது மிருகம் வைத்திருந்தவர் நீங்கள்!

கருவியின் மின்சாரத்தைக் குறைத்தால் பேச்சு கொஞ்சம் திரும்பலாம், நடுக்கமும் திரும்பலாம் என்றார் டாக்டர். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நானும்தான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களை ஒருவரும் கேட்கவில்லை.

நாளை மறுபடி போகிறோம். குறைக்கட்டுமா, வேண்டாமா? இதற்குக் கீழேயே எழுதுங்கள். எதை எழுதினாலும் அதையே டாக்டரிடம் சொல்வேன். என் ஆசைக்காக எழுத வேண்டாம்.

ஆசை இருக்கிறது, அத்தா. உங்களிடம் ஒரு நல்ல திட்டு வாங்கி எவ்வளவு நாளாயிற்று!

உங்கள் மகள்