தொட்டி இல்லாத வீடு

ஜனவரி 8
பின் சுவர் இன்னும் ஒரு விரற்கடை வெளியே தள்ளியிருக்கிறது. "பட்டம் விடுற நாள் வரைக்கும் நிக்கும்" என்கிறார் என் கணவர் ரசிக்லால். அதற்கு மறுநாள்?

ஜனவரி 9
பழைய வீடுகளுக்குத் தரம் போட மாநகராட்சி ஆட்கள் அகமதாபாத் முழுக்கச் சந்து சந்தாகச் சுற்றுகிறார்களாம். முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி உண்டா என்று கேட்கிறார்கள் என்றாள் எதிர்வீட்டு இலாபென். வாசலில் இருக்கும் செதுக்குமரத்தைப் படமெடுத்தால் போதாதா? தரைக்கு அடியில் இவர்களுக்கு என்ன வேலை? தொட்டி மூடிமேல் கோதுமைப் பெட்டியை நகர்த்தி வைத்தேன்.

ஜனவரி 10
ஹேதல் என்றொரு பெண் வந்தாள். தேன் ஒழுகப் பேசினாள். நல்ல தரம் கிடைத்தால், நாம் மேலே கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டுகிறவனுக்கு விற்கலாமாம். அந்தப் பணத்தில் வீட்டைச் செப்பனிட வேண்டுமாம். காற்றை விற்பது! இன்று காற்றை வாங்குகிறவன் நாளை வீட்டைக் கேட்கமாட்டானா?

"தொட்டி இருக்கா, சுதாமாசி?"

"இல்லம்மா."

படிவத்தை மூன்று முறை படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். என்னை ஏமாற்ற முடியுமா?

ஜனவரி 14
பட்டம் விடும் நாள். மொட்டை மாடியில் உந்தியுக் கூட்டு, ஜிலேபி. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

மார்ச் 3
பட்டியல் வந்துவிட்டது. இலாபென் வீட்டுக்கு இரண்டாம் தரம். பின்பக்கம் இடித்துக் கட்டப் போகிறாளாம். எங்களுக்கு மூன்றாம் தரம், விற்க ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே கொத்தனார் கட்டிய வீடுகள். தொட்டி இல்லாததுதான் காரணமாம். ரசிக்லால் சாப்பிடும்போது கோதுமைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை. மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 9
நாளை மறுநாள் வந்து பார்க்கிறார்களாம். தொட்டியைத் திறந்து, தண்ணீரை அண்டாக்களில் இறைத்து வைத்து, உள்ளே தேய்த்து, இரண்டு கை புதுச் சுண்ணாம்பு அடித்தோம். பளிச்சென்று இருக்கிறது.

மார்ச் 11
ஹேதலோடு ஓர் அதிகாரி வந்தார். குனிந்து தொட்டிச் சுவரைத் தடவினார். விரல் வெள்ளையானது.

"இது எப்போ தோண்டினது, சுதாபென்?"

"என் மாமனாரோட தாத்தா காலத்துல."

சிரித்தார். "தரம் ஏறணும்னு இப்ப நிறைய பேர் புதுசா தோண்டுறாங்க."

என்னையா சந்தேகப்படுறான்? நானா ஏமாத்துறவ? ஹேதல் பையிலிருந்து, நான் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

மார்ச் 20
மூன்றாம் தரமே நிற்கிறதாம். பின் சுவருக்கு மரமுட்டுக் கொடுத்தோம். அண்டாவில் எடுத்து வைத்த தொட்டித் தண்ணீரில்தான் இன்றும் பருப்பு வேகவைத்தேன்.