மூன்று முறை 20.9

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. நாளைக் காலை பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு கப்பல். பென்சீனை இறக்கிவிட்டு டேங்குகளைக் கழுவி நிற்கிறதாம். எடுக்க வேண்டியவை: ஹெல்மெட், டார்ச், கேஸ் மீட்டர், காய்ந்த சாக்ஸ் இரண்டு ஜோடி. ஒன்றுகூடக் காயவில்லை. கொடியில் கிடக்கும் துணியிலெல்லாம் கொச்சி ஜூ டவுன் குடோன்களின் சுக்கு வாசனை. போன மாதம் ஒரு கேப்டன், "மேடம் பக்கத்துல வந்தா சாயா குடிக்கத் தோணுது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

ஜூலை 9, புதன்

ஈர சாக்ஸ்தான். ஆட்டோ சேட்டன் என் பூட்ஸைப் பார்த்து, "சேச்சி மீன் பிடிக்கானோ?"

சீஃப் ஆபீசர் அந்தோணி. தூத்துக்குடிக்காரர். இந்தப் பதவியில் முதல் கப்பல். நான் தமிழ் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. மதியத்துக்கு ரசம் வைக்கச் சொன்னார். என் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

மூன்றாம் டேங்க். சுத்தமாயிற்றா என்று பார்க்க ஆள் இறங்க வேண்டும். அதற்கு முன் மீட்டரின் குழாயை உள்ளே விட்டு, மேலே, நடுவே, அடியில் ஆக்சிஜன் அளந்து படிவத்தில் எழுத வேண்டும். நல்ல காற்றில் அது 20.9 சதவீதம். படிவம் தயாராக இருந்தது. 20.9, 20.9, 20.9. அளந்த நேரம் 11.15. கையெழுத்தும் போட்டாயிற்று. என் கடிகாரத்தில் மணி 10.40.

"இப்போ அளங்கோ, நான் பாக்கறேன்" என்றேன்.

மேலே 20.9. நடுவே 20.1. அடியில் 6. மீட்டர் கத்த ஆரம்பித்தது. தீப்பிடிக்காமலிருக்க நிரப்பியிருந்த நைட்ரஜன், காற்று எட்டாத அடியில் தங்கிவிட்டிருந்தது. இறங்கியவன் கடைசிப் படியிலேயே சுருண்டிருப்பான். மூச்சு முட்டுவதுகூடத் தெரிந்திருக்காது.

"எப்பவும் அதான மேடம் வரும். நேரம் மிச்சமாகுமேன்னு முன்னாடியே எழுதிட்டேன்." என்றார் அந்தோணி. பிறகு, "யாரும் இறங்கலையே. இத நீங்க எழுதினா என்னய கப்பல விட்டு எறக்கிருவாக."

இறங்குவோர் பட்டியலைப் பார்த்தேன். முதல் பெயர் அந்தோணி.

"என் ஆளுகள முதல்ல அனுப்ப மாட்டேன் மேடம்" என்றார்.

ரசம் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

கப்பல் கம்பெனிக்கு ரிப்போர்ட் இன்று போக வேண்டும். என் கணவர் ரகுவுக்கு மனசு கேட்கவில்லை. "எழுதாம விட்டா யாருக்குத் தெரியப்போறது? பாவம், புள்ளகுட்டிக்காரன்."

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் நானும் இப்படி 20.9 எழுதியிருக்கிறேன். எத்தனை முறை என்று ஞாபகமில்லை. ஏட்டுச் சுரைக்காய். கீழே காற்று இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ரகுவிடம் இதை இதுவரை சொன்னதில்லை.

எழுதினேன். அழித்தேன். எழுதினேன். மீட்டர் கத்தியதும் அந்தோணி மறைக்காமல் ஒப்புக்கொண்டார், முதலில் தானே இறங்க இருந்தார் என்பதையும் சேர்த்தேன். அனுப்பிவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன். பால் பொங்கி வழிந்தது.

ஜூலை 14, திங்கள்

வெயில். சாக்ஸ் எல்லாம் காய்ந்துவிட்டன, இந்த வாரம் கப்பல் இல்லை.

மத்தியானம் ஃபோன். தெரியாத எண். அந்தோணியின் மனைவி. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அவுக சட்டப் பையில உங்க கார்டு கெடந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்காக. அவுக உங்களுக்கு என்ன செஞ்சாகன்னு இப்பிடி வேலைய கெடுத்திய?"

சொன்னேன். டேங்க், மீட்டர், படிவம், அடியில் 6, அந்தக் காற்றில் மனிதன் என்ன ஆவான் என்பது.

"யாரு இறங்க இருந்தது?"

"மொதல்ல உங்க வீட்டுக்காரர்தான்."

அவள் ஃபோனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் எங்கோ, தொட்டி நிரம்பி வழியுது, மோட்டார நிறுத்து என்று அந்தோணி கத்துவது கேட்டது.

"இந்தா வாரேன்" என்றாள். என்னிடம் இல்லை.